பதினோரு நாளா, அடிச்சிடு!

"அந்த நோயாளி ரூமுக்கு ஒரே ஒரு நாள்தாம்மா போனேன். மறுநாள்லேருந்து இடுப்புப் பிடிப்பு, வீட்டை விட்டு இறங்கல. காய்ச்சல் வந்தது பதினோராம் நாள்."

போனில் சொன்னவள் மருத்துவமனைத் துப்புரவுத் தொழிலாளி. எழுதிக்கொண்டவள் சுகாதார அலுவலகத்தில் கணக்கெடுக்கும் பெண். ஊருக்கே புதிய காய்ச்சல் அது. கிருமி உடம்பில் நுழைந்து எத்தனை நாளில் காய்ச்சலாக வெளிப்படும் என்று தெரிந்தால்தான், நோயாளியோடு பழகியவர்களை எத்தனை நாள் தனியே வைப்பதென்று முடிவு செய்ய முடியும்.

அதிகாரி பட்டியலைப் பார்த்தார். டாக்டருக்கு நாலு நாள், வங்கி மேலாளருக்கு ஐந்து, பேராசிரியருக்கு ஆறு.

"பதினோரு நாளா? பெருக்குற அம்மாவுக்கு நேத்து தின்னதே ஞாபகம் இருக்காது. அந்த வரியை அடிச்சிடும்மா. ஏழு நாள் வச்சா போதும்னு அனுப்பு."

பேராசிரியர் மட்டும் என்ன, பதிவேட்டைப் பார்த்தா சொன்னார்? மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டு வருகைப் பதிவைக் கேட்டிருந்தால் அவள் சொன்னது மெய்யென்று தெரிந்திருக்கும். அவ்வளவு படித்த அதிகாரிக்கு அது தோன்றவில்லை. கணக்கெடுத்த பெண்ணுக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லையே! பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள்.

துப்புரவுத் தொழிலாளியின் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவளுக்குக் காய்ச்சல் கண்ட அன்றே அவரைத் தனிமை முகாமில் வைத்திருந்தார்கள். ஏழு நாள் முடிந்ததும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

"எனக்கே பதினோரு நாள் ஆச்சுய்யா, அவரை இன்னும் கொஞ்ச நாள் வச்சிருங்க" என்று அவள் படுக்கையிலிருந்தே போனில் கெஞ்சினாள்.

"நீ என்ன டாக்டரா?" என்று போனை வைத்துவிட்டார்கள்.

முகாமுக்குப் போன நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள், வேன் ஓட்டும்போதே அவருக்கு உடம்பு கொதித்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் வேனில் வந்த ஆறு குழந்தைகள் மருத்துவமனையில். அதில் ஒன்று செயற்கைச் சுவாசத்தில் கிடந்தது.

அதிகாரி அசரவில்லை. "பதினாலு நாள்னு மாத்திடு. முன்னாடி போதுமான தகவல் கிடைக்கலன்னு ஒரு வரி சேர்த்துக்கோ."

கணக்கெடுத்த பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய் சார்! தகவல் கிடைச்சுது. சொன்னது பெருக்குறவங்கன்னு நீங்க அடிக்கச் சொன்னீங்க, நானும் வெட்கமில்லாம அடிச்சேன். அதைத்தான் எழுதப் போறேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும் சார். சொல்றது யாருன்னு பாத்து நிஜமா பொய்யான்னு முடிவு பண்ணினா, சாகக் கிடக்கிறது ஒரு பாவமும் அறியாத பிள்ளைங்கதான்!"