மஞ்சள் என்றுதான் சொன்னேன்

நிறத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. பெயிண்ட் கடையில் கலவை மெஷினுக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பவளுக்கு அந்தப் புத்தி தானாக வந்துவிடும். லைட் பச்சை என்று கேட்டு வருவார்கள். ஒருத்தருக்கு லைட் பச்சை என்றால் கிளிப்பச்சை, இன்னொருத்தருக்குப் பாசி. மூன்றாமவர் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டு, "நான் கேட்டது நீலம் மாதிரி ஒரு பச்சைங்க" என்று போன் போடுவார். வழவழவென்று வேண்டும் என்பவரிடம், கண்ணுக்குப் பளபளக்க வேண்டுமா, கைக்கு மழமழவென்று இருந்தால் போதுமா என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். இரண்டுக்கும் டப்பா வேறு என்பதே பலருக்குத் தெரியாது.

எங்கள் மெஷினில் பச்சைச் சாயம் இரண்டுதான். ஒன்று நீலம் ஓடும் பளிச்சென்ற பச்சை, இன்னொன்று மண் கலந்தாற்போல மங்கலான ஆக்ஸைடு பச்சை. அவற்றோடு மஞ்சளையும் கறுப்பையும் சொட்டுச் சொட்டாக விட்டு நீங்கள் கேட்கிற எந்தப் பச்சையையும் கொண்டுவந்துவிடுவேன். முதலாளிக்கே சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். தலைக்கனம் என்பீர்கள். ஆமாம், தலைக்கனம்தான்.

என் தங்கை எனக்கு நேர் எதிர். சந்தன நிறம் என்று சொல்லி ரோஸ் திரைச்சீலை வாங்கி வந்து ஜன்னலில் மாட்டியவள். கேலி செய்தால் அழுவாள், அழுதுகொண்டே சந்தனம்தான் என்று சாதிப்பாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, எல்லோருக்கும் அது பாப்பாதான்.

அன்று காலை கடை திறந்த சூட்டோடு அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கட்டிலில் விரித்த வெள்ளைத் துணி, நடுவில் ஈரக் கறை. கீழே ஒரு வரி: "பாப்பா பச்சையா வாந்தி எடுத்துட்டா அக்கா."

பெரிதாக்கிப் பார்த்தேன். எலுமிச்சை மஞ்சள், அதில் துளி காவி. "மஞ்சள். பயப்படாதே," என்று எழுதி அனுப்பிவிட்டு டப்பாவைக் குலுக்கும் மெஷினில் வைத்தேன். போன் அடித்தது.

"நல்லா பாரு அக்கா. பச்சை. பாத்ரூம்ல அலசப் போனப்ப பார்த்தேன், நல்ல பச்சை."

"பார்த்தாச்சுடி. மஞ்சள்."

"ஆஸ்பத்திரில இருந்து அனுப்பறப்பவே டாக்டர் சொன்னாங்க, பச்சையா எடுத்தா ஒரு நிமிஷம் வீட்ல வெச்சிருக்காதீங்க, தூக்கிட்டு ஓடி வந்துடுங்கன்னு."

"பச்சையா எடுத்தாத்தானே? இது பால் திரிஞ்சு வந்திருக்கும். தொட்டுப் பார்த்தியா, திரிதிரியா இருக்கா?"

"இல்லக்கா. வழவழன்னு தண்ணியா இருக்கு. பால் ஒரு பொட்டுகூட இல்ல."

அந்தப் பதில் என் காதில் விழுந்தது, ஆனால் மண்டைக்குள் போகவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து அவள் வீட்டுக்காரர் குரல் கேட்டது. "அதான் அண்ணியே சொல்லிட்டாங்கல்ல! போன வாரம் விக்கலுக்கு ஓடினே. சும்மா சும்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா இல்லாத நோயெல்லாம் ஒட்டிக்கும்."

அவர் நல்ல மனிதர்தான். என் பேச்சென்றால் அவருக்கு வேதவாக்கு. அவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது ஒவ்வொரு அறைக்கும் நிறம் சொன்னது நான். வந்தவர்கள் எல்லாம் மெச்சிவிட்டார்கள். அதிலிருந்து சட்டை வாங்கினாலும் என்னைக் கேட்காமல் வாங்கமாட்டார்.

தங்கை "சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு அந்தச் "சரி" பிடிக்கவில்லை. எதற்கும் மல்லுக்கு நிற்பவள் இப்படிச் சட்டென்று அடங்கினால் யாருக்குத்தான் பிடிக்கும்? மெஷினில் நிறத்தின் எண்ணைத் தப்பாக அழுத்தினேன். அழித்துவிட்டு மறுபடியும் தப்பாகவே அழுத்தினேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும், ஒருவர் வந்தார். வீட்டு வாசல் கேட்டுக்குப் பூசப் பச்சை வேண்டுமாம். பழைய கேட்டைப் போட்டோ எடுத்து வந்திருந்தார். போனை என் மூக்குக்கு நேராக நீட்டி, "அச்சு அசல் இதே கலர் வேணும்ங்க," என்றார்.

வருகிறவர்களுக்கெல்லாம் ஓதுகிற மந்திரத்தை அவருக்கும் ஓதினேன். "போட்டோவை வெச்சுக் கலர் சொல்ல முடியாதுங்க. அது உங்க போனு நினைக்கிற கலர். எந்த வெளிச்சத்துல எடுத்தீங்களோ, அது என்ன மாத்திச்சோ யாருக்குத் தெரியும்? கேட்டுல ஒரு சில்லு சுரண்டிக் கொண்டாங்க, வெயில்ல வெச்சுப் பார்ப்போம்."

சொல்லி முடித்ததும் அவர் போனை விட்டுவிட்டு என் போனை எடுத்தேன்.

தங்கையின் படுக்கையறையில் பகலிலும் திரைச்சீலை மூடியேதான் இருக்கும், பாப்பாவுக்கு வெளிச்சம் ஆகாதென்று. எரிவது மஞ்சள் குண்டு பல்பு. கறையை அந்த பல்புக்குக் கீழே படம் பிடித்திருக்கிறாள். பாத்ரூமில் ஜன்னல் இருக்கிறது. அவள் பச்சை என்று பார்த்தது பகல் வெளிச்சத்தில்.

வீட்டு வெளிச்சத்தில் நிறம் எப்படித் தெரியும் என்று காட்டுவதற்காகக் கடை மூலையில் ஒரு மஞ்சள் பல்பு மாட்டி வைத்திருக்கிறோம். வெளிர் பச்சை அட்டை ஒன்றை எடுத்தேன். இளம் புல் நிறம், தண்ணீர் விட்டாற்போல இருக்கும். அதைப் பல்புக்கடியில் வைத்து என் போனில் ஒரு படம் எடுத்தேன். எலுமிச்சை மஞ்சள், அதில் துளி காவி. தங்கை அனுப்பிய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்குக் காமாலையும் இல்லை, வெறும் திமிர்.

"என்னங்க, இந்தக் கலர் வராதா?" என்றார் கேட்டுக்காரர்.

அவருக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. தங்கைக்குப் போட்டேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டேன். அவள் வீட்டுக்காரருக்குப் போட்டேன்.

"நான் வேலைக்கு ஊரைத் தாண்டி வந்துட்டேன் அண்ணி. அவ தூங்கிட்டிருப்பா. ராத்திரியெல்லாம் முழிப்பு."

"தம்பி, அது பச்சை. உடனே வீட்டுக்குப் போங்க. பாப்பாவைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"நீங்கதானே மஞ்சள்னு சொன்னீங்க?"

"இப்ப பச்சைங்கறேன்! கிளம்புங்க!" என்று கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது. முதலாளி ஏதோ கேட்க வாயெடுத்தார், நான் படியிறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓட்டுநர் ஊரையே ஏற்றிக்கொள்வதுபோல நின்றார். பாழாய்ப்போன என் கண் மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. சீட்டு பாட்டில் பச்சை, கம்பி சாம்பல், முன்னால் நிற்பவளின் பை ஆலிவ். போதும், வாயை மூடு என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். தூங்கிக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் பாப்பா கிடக்கிறது, நான் சொன்ன மஞ்சளை நம்பித் தூங்குகிறாள். இதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது இறங்கி ஓடினேன்.

வீடு பூட்டியிருந்தது. கீழ்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

"அவ அப்பவே குழந்தையைத் தூக்கிட்டுப் போயிட்டாளே. வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போனாரோ இல்லியோ, இந்தப் பக்கம் இவ கிளம்பிட்டா. நைட்டிமேல ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கிட்டு. பச்சை உடம்புக்காரி இப்படி ஓடலாமான்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கல. பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்குன்னு மட்டும் சொன்னா."

எனக்கு அழுகை வந்தது. நின்று அழ நேரமில்லாததால் அழுதுகொண்டே ஓடினேன்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் அந்தத் துணி. என்னைப் பார்த்ததும் எழவில்லை, அழவுமில்லை.

"குடல் முறுக்கிக்கிட்டிருக்காம். உள்ளே கொண்டு போயிட்டாங்க," என்றாள்.

பையை வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். பச்சை. எந்தப் பச்சை, அதில் எத்தனை சொட்டு மஞ்சள் என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தக் குழந்தையைக் கேட்டாலும் பச்சை என்று சொல்லும். பையை முடிச்சுப் போட்டேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார முடியாமல் எழுந்து நடந்தேன். மறுபடியும் உட்கார்ந்தேன். அந்தக் கதவு திறந்து திறந்து மூடியது, யார் யாரோ வந்தார்கள், எங்களுக்கானவர் வரவில்லை. ஒருவழியாக முகமூடியைக் கழற்றிக்கொண்டே டாக்டர் வெளியே வந்தார். முறுக்கை எடுத்துவிட்டார்களாம், குடல் நன்றாக இருக்கிறதாம்.

"இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தீங்கன்னா கறுத்துப் போயிருக்கும்மா. நல்லவேளை, உடனே தூக்கிட்டு வந்தீங்க."

அவர் போன பிறகுதான் தங்கை அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்தேன். விலக்கவில்லை.

"என்னை மன்னிச்சிடுடி. போட்டோல மஞ்சளாத்தான் தெரிஞ்சது. நீ கேட்டப்பவே நேர்ல வந்து பார்த்திருக்கணும்."

"நான் எங்கேக்கா கேட்டேன்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அது பச்சைன்னு எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? நான் சொன்னா அவருக்கு எடுபடாது. நீ ஒரு வார்த்தை சொன்னா வண்டியை எடுப்பாரு. அதுக்குத்தான் உனக்கு அனுப்பினேன்."

அப்போது வராந்தாக் கோடியிலிருந்து அவள் வீட்டுக்காரர் ஓடி வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. பெஞ்சில் இருந்த மனைவியைத் தாண்டி நேராக என்னிடம் வந்து நின்றார்.

"அண்ணி, பாப்பாவுக்கு என்ன? டாக்டர் என்ன சொன்னாங்க அண்ணி?"

நான் எழுந்து தள்ளி நின்றேன்.

"அவளைக் கேளுங்க," என்றேன்.