டெல்லிக்கு எட்டடி

அத்தி வரதர் சாட்சியாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. சாட்சி போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில்தான், வெளியே வந்து தரிசனம் கொடுத்துவிட்டு, மறுபடி அனந்தசரஸ் குளத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அவரை விசாரிக்க விரும்புகிறவர்கள் இன்னும் முப்பத்தொன்பது வருஷம் பொறுக்க வேண்டும். அது என் குற்றமில்லை.

சின்னக் காஞ்சிபுரத்தில் எனக்கு எதிர்வீடு தேசிகனுடையது. பாடசாலையில் வியாகரணம் சொல்லிக்கொடுப்பவர். பஞ்சாங்கத்தைக் கேட்காமல் நகம்கூட வெட்டமாட்டார். அவர் மனைவி அம்ருதவல்லி கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள், வந்த இடத்திலேயே இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டாள்.

புது டெல்லியைத் திறந்துவைத்த வருஷம், பத்திரிகையில் குதுப் மினாரின் படம் வந்தது. முந்நூற்றெழுபத்தொன்பது படி என்று கீழே போட்டிருந்தது. அம்ருதவல்லி அந்தத் தாளை மடித்து அரிசி டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

“ஏன்னா, இதை ஒரு தடவை ஏறிப் பார்த்துடணும். எத்தனை ராஜா ஆண்ட ஊர்! முழங்கால் சொன்னபடி கேட்கறப்பவே போயிட்டு வந்துடலாமே.”

“அதுக்கென்ன, போனாப் போறது” என்றார் தேசிகன்.

அவர் “அதுக்கென்ன” என்று சொன்ன எந்தக் காரியமும் அதுவரை நடந்ததில்லை. இது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்கே பழக ஆரம்பித்தாள். பெருமாள் கோயிலில் சன்னிதி இருக்கும் மலை ஏற இருபத்துநாலு படி. பதினாறு தடவை ஏறினால் முந்நூற்றெண்பத்துநாலு. டெல்லிக்கு வேண்டியது போக ஐந்து படி மிச்சம். தினமும் காலையில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தவளைப் பார்த்து ஊரே பூரித்துப் போயிற்று. இப்படி ஒரு பக்தியா என்று பட்டர்கள் அவளைக் கூப்பிட்டு முதல் தீர்த்தம் கொடுத்தார்கள். அவளும் டெல்லியை நினைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

தேசிகன் சும்மா இருந்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு ரயில்வே படத்தை வாங்கிவந்து பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் விரித்தார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஸௌந்தரராஜன் ஸ்வாமி, இங்கே பாரும். ரயில் நம்ம ஊரை விட்டதும் வாலாஜாபாத்துக்குக் கிழக்கே போறது. திங்களும் சனியும் கிழக்கே சூலம். தள்ளிடும்.”

“தள்ளியாச்சு.”

“வாலாஜாபாத் தாண்டினா செங்கல்பட்டுக்குத் தெற்கே சாயறது. வியாழன் தெற்கே சூலம். செங்கல்பட்டிலேருந்து பட்டணம், பட்டணத்திலேருந்து டெல்லி, எல்லாம் வடக்கு. செவ்வாய், புதன் போச்சு.”

“வெள்ளி, ஞாயிறு இருக்கே?”

தேசிகன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “பெஜவாடா தாண்டினதும் கொஞ்சம் மேற்கே திரும்பறது, ஓய்.”

ஆக, வாரம் தீர்ந்துபோயிற்று. வெள்ளைக்காரன் தண்டவாளத்தை வளைக்காமல் போட்டிருந்தால் இந்தச் சங்கடம் வந்திருக்காது என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

உள்ளேயிருந்து அம்ருதவல்லியின் குரல் வந்தது. “பரஸ்தானம் வைக்கலாமோன்னோ?”

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பரஸ்தானம் தெரியாது. நல்ல வேளையில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், மூட்டையை மட்டும் அந்த வேளையில் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டியது. ஆளே புறப்பட்டுவிட்டதாக அர்த்தம். அப்புறம் எந்தச் சூலமும் ஒன்றும் செய்யாது. ஆனால் ஏழு நாளுக்குள் ஆள் போய் மூட்டையோடு சேர்ந்துகொள்ள வேண்டும். தவறினால் மூட்டை வீடு திரும்பும்; மறுபடி முதலிலிருந்து.

என் வீடு அவர் வீட்டுக்கு நேர் வடக்கு. வளைவு நெளிவு இல்லாத எட்டடித் தெரு. ஒரு வியாழக்கிழமை காலையில் தேசிகனின் மூட்டை டெல்லியை நோக்கி எட்டடி பிரயாணம் செய்து என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே அவருடைய உத்தரீயம், அவளுடைய அரக்குப் பட்டுப்புடவை, திருமண் பெட்டி, ஒரு ஜாடி புளிக்காய்ச்சல். முடிச்சைப் போட்டவள் அம்ருதவல்லி. யானை இழுத்தாலும் அவிழாத முடிச்சு.

ஆறாம் நாள் தேசிகன் வாசற்படி இறங்கும்போது அவரே தும்மிவிட்டார். மூட்டை திரும்பிப் போயிற்று. அடுத்த தடவை பூனை. அதற்கடுத்த தடவை திருவள்ளூரில் ஒரு பங்காளிக்குப் பேரன் பிறந்து தீட்டு. ஒரு தடவை எதுவுமே குறுக்கே வரவில்லை. இப்படி ஒன்றுமே வராமல் இருப்பது நல்லதற்கில்லை என்று நின்றுவிட்டார். இரண்டு வருஷத்தில் மூட்டை பதினோரு தடவை போய்வந்தது. நானே அளந்து பார்த்தேன். அந்தத் தூரத்துக்குத் தெருக்கோடியைத் தொட்டிருக்கலாம்.

இதற்கு நடுவில் ஒரு துரையும் துரைசானியும் பழைய தலைநகரம் பார்க்க வந்தவர்கள், எங்கள் தெருவில் காரை நிறுத்தி, கைலாசநாதர் கோயிலுக்கு வழி கேட்டார்கள். சீமையிலிருந்து ஆறாயிரம் மைல் வந்தவர்கள் அவர்கள். மூன்று மைலில் இருக்கும் அந்தக் கோயிலை ஐம்பத்திரண்டு வயதுவரை பார்க்காதவர் தேசிகன். சிவன் கோயில் என்பது ஒரு காரணம். மேற்கே இருக்கிறது என்பது இன்னொன்று. “விசாரிச்சுண்டு போங்கோ” என்று தமிழிலேயே வழி சொல்லி அனுப்பினார்.

அந்தக் கார் போன திசையை அம்ருதவல்லி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். “அண்ணா, இன்னிக்கு ஒன்பது தடவைதான் ஏற முடிஞ்சுது. முழங்கால் பிடிக்கறது” என்றாள் என்னிடம்.

பன்னிரண்டாம் பரஸ்தானத்தின் ஏழாவது நாள். மூட்டையைத் திரும்ப எடுத்துப்போகத் தேசிகன் என் வீட்டு வாசலுக்கு வந்தார். அன்றைய தடை, பல்லி. அவருக்கு முன்னால் அம்ருதவல்லி வந்து மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏன்னா, மூட்டை போனா ஆள் போன மாதிரின்னுதானே சாஸ்திரம்?”

“ஆமாம்.”

“இதுக்குள்ளே உங்க உத்தரீயம் இருக்கு. அப்போ நீங்க இதுக்குள்ளே இருக்கேள். நான் உங்களோடதான் போறேன்.”

தேசிகன் இடுப்பிலிருந்த பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார்.

நெல் இறக்க வந்திருந்த மாகறல் கிராமத்துப் பழனி வண்டியோடு வாசலில் நின்றான். அவள் ஏறி உட்கார்ந்தாள். துணைக்கு நானும் என் மனைவி வரலக்ஷ்மியும் ஏறிக்கொண்டோம்.

“இன்னா சாமி, நீ வரலியா?” என்று பழனி தேசிகனைக் கேட்டான்.

“அவர் மூட்டைக்குள்ளே இருக்கார்ப்பா, நீ ஓட்டு” என்றாள் அம்ருதவல்லி.

“மூச்சு முட்டப் போவுதும்மா, பாத்துக்கினு போங்க” என்று பழனி மாட்டைத் தட்டினான்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகர், “கூட ஆம்பிளை யாரும்மா?” என்று கேட்டபோது அவள் மூட்டையைக் காட்டினாள். அவர் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நான் கண்ணால் பார்த்தது. பெஜவாடாவில் ரயில் மேற்கே திரும்பியபோது மூட்டை ஒரு தரம் நடுங்கியதையும் பார்த்தேன்.

டெல்லியில் இறங்கியதும் முதல் காரியமாக முடிச்சை அவிழ்த்து, உத்தரீயத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். செங்கோட்டையில் அதை விரித்துப் பிடித்து, “பாருங்கோ, இங்கேதான் பாதுஷா உட்கார்ந்துண்டு இருப்பாராம்” என்று காட்டினாள். உத்தரீயம் ஒன்றும் பேசவில்லை. ஊரிலும் அவர் அப்படித்தான் என்பதால் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. புளிக்காய்ச்சல் இரண்டு வருஷத்தில் நன்றாக ஊறியிருந்தது. ஜாடியைத் திறந்ததும் வாசனைக்குக் கோட்டைக் காவல்காரர்கள் நாலு பேர் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

சாந்தினி சௌக்கில் ஒரு கடைக்காரன் அவளிடமே காஞ்சிப் பட்டு என்று ஒரு புடவையை விரித்தான். அவள் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது எங்க காஞ்சியில்லை, உங்க காஞ்சி” என்றாள். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் வெட்கப்பட்டான்.

மறுநாள் குதுப் மினார். ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே ஏறினாள், பின்னால் நாங்கள். வரலக்ஷ்மி நூறில் உட்கார்ந்துவிட்டாள், நான் இருநூறில் பெருமாளைக் கூப்பிட்டேன். அம்ருதவல்லி நிற்கவில்லை. முந்நூற்றெழுபத்தொன்பதில் படி முடிந்தது. ஆனால் அவள் பழகியது முந்நூற்றெண்பத்துநாலு. கால் நிற்குமா? மிச்சம் ஐந்தையும் ஏறிவிட்டாள்.

மினாருக்கு மேலே, ஐந்து படி உயரத்தில், ஆகாயத்தில் நின்றுகொண்டு தெற்கே பார்த்தாள். எல்லாம் தெரிந்ததாம். கோதாவரி, கிருஷ்ணை, வாலாஜாபாத் அரிசி மில், எங்கள் தெரு.

“என்னம்மா தெரியறது?” என்று கீழேயிருந்து கத்தினேன்.

“எங்காத்துக்காரர் உட்கார்ந்திருக்கார், அண்ணா. பஞ்சாங்கம் பார்த்துண்டிருக்கார்!”

உத்தரீயத்தை ஒரு தரம் வீசிக் காட்டினாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லையாம். அன்றைக்கு வடக்கே சூலம்.

திரும்பி வந்ததும் தேசிகன்தான் ஊருக்கெல்லாம் டெல்லியைப் பற்றிச் சொன்னார். “நான் போயிருந்தப்போ” என்றுதான் ஆரம்பிப்பார். தவறென்று சொல்ல முடியாது, உத்தரீயம் போயிருந்ததே. பாடசாலையில் அவருக்கு ஒரு மாலையும் போட்டார்கள். மாலை போடும்போது அம்ருதவல்லி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் கோயிலுக்குப் போனால் கீழேயே நின்று சேவித்துவிட்டு வந்துவிடுகிறாள். முழங்கால் மடங்குவதில்லை. யாராவது கேட்டால், ஏற வேண்டியதெல்லாம் ஏறியாச்சு என்று சொல்லிவிட்டு என் வீட்டுப் பக்கம் பார்ப்பாள்.

தேசிகனின் மூட்டை, அம்ருதவல்லி அன்றைக்குப் போட்ட முடிச்சு ஒரு தடவைகூட அவிழாமல், உள்ளே புளிக்காய்ச்சல் ஜாடியோடு, இன்றைக்கும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது.