சிக்ஸ்டனின் புது வார்

என் வீட்டுக்காரர் சிக்ஸ்டன், தன் துப்பாக்கிக்குப் புதுத் தோல்வார் வாங்கியதிலிருந்து எங்கள் வேட்டைக் கூட்டத்தில் யாருடைய காதுக்கும் ஓய்வில்லை. அகலமான வார், தோளில் பதியும் இடத்தில் மெத்தை, பித்தளைக் கொக்கி. ஊரிலேயே தனக்கு மட்டும்தான் தோள் இருக்கிறது என்று நினைப்பு.

கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். செப்டம்பரில் மூஸ்மான் வேட்டை தொடங்கும் காலையில் ஒவ்வொரு வருஷமும் அதே பிரசங்கம்: "வாரு எதுக்கு? நடக்கறப்போ தோள்ல மாட்டறதுக்கு. இடத்துல போய் உக்காந்தாச்சுன்னா துப்பாக்கி மடிக்கு வந்துடணும். மரத்துல தொங்கவிட்டா அது துப்பாக்கி இல்ல, காயப்போட்ட துணி."

இந்த வருஷம் பிரசங்கத்துக்கு ஒரு வால் முளைத்தது. என் அண்ணன் ஹல்வாரைப் பார்த்துச் சொன்னார்: "மச்சான், போன வருஷம் நீ காயப்படுத்தி விட்ட கொம்பன் மான ரெண்டு நாள் தேடி அலைஞ்சோம். இந்தத் தடவையும் உன்னால ஒண்ணு தப்பிச்சா, அடுத்த வருஷம் உனக்கு இங்க இடம் இல்ல."

அண்ணன் தலையாட்டினார். அண்ணி இறந்துபோன பிறகு அவர் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவது இந்த ஒரு வாரம்தான். அது என் வீட்டுக்காரருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

வாரத்தின் கடைசி நாள். ஒரு பெட்டையும் கன்றும் ஏற்கெனவே கொட்டகையில் தொங்கின. சுட அனுமதி உள்ள ஒரே ஒரு கொம்பன் மட்டும் பாக்கி. நான் சதுப்பின் இந்தக் கரையில் பரண்மேல் இருந்தேன். எதிர்க்கரையில் ஸ்ப்ரூஸ் மரத்தடியில் சிக்ஸ்டன். அவருக்கும் அப்பால், மேட்டின் மறைவில் அண்ணன்.

எங்கள் கூட்டத்து டோர்கெல் மான் விரட்ட விட்டிருந்த நாய் தூரத்தில் குரைக்க ஆரம்பித்ததும் பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் வழக்கப்படி காபிக்குள் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுவிட்டு, குளத்தில் மோதிரம் தொலைத்தவர்போலக் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தார். துப்பாக்கி எங்கே? தலைக்கு மேலே, ஒரு மொட்டைக் கிளையில், புது வாரோடு ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது. அடப்பாவி மனுஷா!

கொம்பன் புதரை விலக்கிக்கொண்டு அவர் முன்னாலேயே வந்து நின்றது. குவளையைப் போட்டுவிட்டு எழுந்து துப்பாக்கியை இழுத்தார். வரவில்லை. கொக்கி கிளையில் வசமாக மாட்டிக்கொண்டது. அவர் இழுக்க, மரம் விடாமல் பிடிக்க, கொம்பன் நின்று வேடிக்கை பார்த்தது. நான் சுட்டிருக்கலாம். ஆனால் குறுக்கே புருஷன். கிளை முறிந்து துப்பாக்கி கைக்கு வந்தபோது கொம்பன் திரும்பி ஆற்றைத் தாண்டிப் பக்கத்து ஊர்க் காட்டுக்குள் போய்விட்டது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதற்குள் வாக்கி-டாக்கியில் அவர் குரல்.

"கொம்பன் பாதி வழியில திரும்பிடுச்சு. மேட்டுப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டிருக்கு. மச்சான், நீதானா?"

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. பிறகு அண்ணனின் குரல் வந்தது.

"ஒரு தடவ இருமினேன். அடக்கித்தான் இருமினேன். கேட்டிருக்குமோ என்னவோ."

பாவம், நிஜமாகவே தன்னால்தான் என்று நம்பிவிட்டார்.

வேட்டை முடிந்து நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால், அவரவர் இடத்திலிருந்து கண்டதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம். என் முறை வந்தது.

"ராக்ன்ஹில்ட், உன் பரண்லேர்ந்து எல்லாம் தெரியுமே. என்ன பார்த்தே?" என்று டோர்கெல் கேட்டார்.

என் வீட்டுக்காரர் நெருப்பில் வாட்டிய சாசேஜையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பனிமூட்டம். ஒண்ணும் தெரியல" என்றேன்.

நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுப்பதா என்று நினைத்தேன். அண்ணனை விட்டுக்கொடுத்தேன்.

"சொன்னா சொன்னதுதான். அடுத்த வருஷம் மச்சான் இல்ல" என்றார் சிக்ஸ்டன். அண்ணன் தன் சாசேஜை அப்படியே நாய்க்குப் போட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

சாயங்காலம் கொட்டகையில் இறைச்சிப் பங்கு. ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். நிற்பவர் ஒரு பெயர் சொல்வார். யாரும் சண்டை போட முடியாது. முதுகு காட்டி நிற்பது எப்போதும் என் அண்ணன்தான். அவர்மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அன்றும் அவர்தான் நின்றார். குவியல்களை நான் தொட்டேன்.

"இது யாருக்கு?"

"டோர்கெலுக்கு."

ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் எங்கள் வீட்டுப் பங்கும் அண்ணன் பங்கும் மட்டும் மிஞ்சின. குண்டு எடுத்துச் சுவரோரம் சாத்தியிருந்த துப்பாக்கிகள் கண்ணில் பட்டன. புது வாரின் பித்தளைக் கொக்கியில் ஸ்ப்ரூஸ் பட்டை ஒரு துண்டு, பிசினோடு அப்பிக்கொண்டிருந்தது. முறிந்த குச்சிகூட அதிலேயே இருந்தது.

போய் அந்த வாரைக் கழற்றினேன். மேஜைமேல், விளக்குக்கு நேர் கீழே வைத்தேன். டோர்கெல் எட்டிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். மரத்தில் மாட்டிய துப்பாக்கியை யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"இது யாருக்கு அண்ணே?"

இறைச்சிக் குவியல் என்று நினைத்து, அண்ணன் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "அது எனக்கு இருக்கட்டும்மா."

என் வீட்டுக்காரரின் காதுமடல்வரை ரத்தம் ஏறியது. மேஜையருகே வந்து வாரைக் கையில் எடுத்தார். பிசின் விரலில் ஒட்டியது.

"இல்ல மச்சான்" என்றார். "இது என்னுது. கொம்பன விட்டது நான்தான். நீ இருமினதால இல்ல."

அண்ணன் திரும்பினார். வாரைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார். சிக்ஸ்டனை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நெருப்புகிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

நான் மிச்சமிருந்த இறைச்சியைப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தேன்.