உடும்புக்கொக்கின் முட்டை

கும்மிடிப்பூண்டியில் எங்கள் இரும்பு உருக்காலைக்குப் பின்னால் ஓர் உடும்புக்கொக்கு இருக்கிறது. உடம்பும் வாலும் உடும்பு. கழுத்து, அலகு, சிறகு மூன்றும் கொக்கு. கழிவுநீர்க் கால்வாயில் தவளை பிடித்துத் தின்னும். வெயில் ஏறும்வரை கட்டையாகக் கிடக்கும். உடம்பில் சொந்தச் சூடு கிடையாது, பாவம். அதனால் அடைகாக்காது. உலையிலிருந்து நாங்கள் கொண்டுபோய்க் கொட்டும் சூடான கசடு மேட்டின் ஓரத்தில் முட்டையைப் புதைத்துவிடும்.

இந்த வருடம் முட்டையிட்ட மறுவாரமே அதன் ஜோடி லாரியில் அடிபட்டுச் செத்தது. இனி இந்த ஒரு முட்டைதான். ஐந்து மாதம் கழித்து, யார்டு பெருக்கும் ஏஞ்சல் அதைக் காதில் வைத்துக் கேட்டாள்.

"உள்ள சுரண்டுதுண்ணா. ஒரு வாரத்துல வந்துரும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெற்ற பிள்ளைக்குக்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

அந்த வாரம்தான் ஆயுதபூஜை. ஆர்டர் நெருக்குகிறது, உலையை நிறுத்த முடியாது என்றார் மேனேஜர் சுப்பிரமணி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சோறு போடுகிற உலைக்கு மூன்று நாள் ஓய்வு கிடையாதா?

"உலைக்குப் பொட்டு வெக்காம நான் சுச்சு போட மாட்டேன் சார். வேற ஆள பாத்துக்கோங்க."

பத்துப் பேரோடு கேட்டில் உட்கார்ந்தேன். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். உலையை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு, ஜெயித்த மிதப்பில் வீட்டில் காலை நீட்டிக் கிடந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. உலை அணைந்தால் புதுக் கசடு விழாது, மேடு ஆறிவிடும். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பதினெட்டு வருடம் உலை ஓட்டிய இந்தத் தணிகைவேலுக்குத் தோன்றவில்லை.

நான்காம் நாள் காலை ஏஞ்சல் கேட்டிலேயே நின்றிருந்தாள்.

"மேடு ஜில்லுனு கீதுண்ணா. எனக்கும் நெனப்பு வரல."

ஓடினேன். உடும்புக்கொக்கு முட்டையைத் தோண்டி வெளியே எடுத்து, சிறகை விரித்து அதன்மேல் படுத்திருந்தது. கையை அடியில் விட்டேன். முட்டையைவிட அதன் வயிறு குளிர்ந்திருந்தது.

"இப்ப உலைய போட்டா?" என்றாள் ஏஞ்சல்.

"மொத கசடு வர்றதுக்கே மூணு மணி நேரம் ஆவும்" என்றேன். என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

என் கைச்சூடு பட்டதும் அது தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு மெல்ல எழுந்து, அலகால் முட்டையை உருட்டி என் உள்ளங்கையில் தள்ளிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தது. காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே சத்தமில்லை. கீழே வைக்கவும் முடியவில்லை. அது என்னை நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.