சீருடையோடு புதைத்தோம்

ஊர்க்காவல் படை என் தங்கை புருஷனுக்குத் தரவேண்டியிருந்த பணிப்படி பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். வெள்ளத்தன்று பாலத்தை மறித்து விசில் ஊதிக்கொண்டு நின்றவனை லாரி அடித்துப் போட்டது. பணம் வருகிறது, வருகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் படைச் சட்டத்தைச் சட்டசபையில் திருத்திவிட்டார்கள்.

நாளைக்குள் வாடகை வராவிட்டால் சாமான் தெருவில் கிடக்கும் என்று தங்கைக்கு வீட்டு ஓனர் கெடு வைத்திருந்தார். நான் மூட்டை தூக்குகிறவன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவளோடு படை அலுவலகம் போனேன்.

குமாஸ்தா புதுச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். தாள் இன்னும் மொடமொடவென்று இருந்தது.

"யூனிபாரம், பெல்ட், பூட்ஸ் எல்லாம் ஒப்படைச்சாச்சாம்மா?"

"அதைப் போட்டுத்தான சார் அவரைப் புதைச்சோம்?"

"யாரைக் கேட்டு?"

"உங்க கமாண்டரய்யாதான் சொன்னாரு," என்றேன். "நாங்க வேற துணி எடுத்து வச்சிருந்தோம். 'வீரன்யா, யூனிபாரத்தோடதான் போகணும்'னு சல்யூட் அடிச்சாரு."

"சல்யூட் இலவசம், பெரியவரே. பூட்ஸ் அரசாங்கத்துது. திருப்பித் தரலைன்னா இப்ப மூணு மடங்கு பிடிக்கணும்."

"அவன் செத்தது பழைய சட்டத்துல இல்லையா சார்?"

"செத்தது பழசுல. பணம் வாங்குறது புதுசுல."

பக்கத்து மேஜைக்காரர் தலை தூக்காமலே சொன்னார். "தோண்டி எடுத்துட்டு வரச் சொல்லுய்யா. தோல் பூட்ஸ்தான, கெட்டிருக்காது."

இருவரும் சிரித்தார்கள். தங்கையும் சிரிக்கிறாளா என்று வேறு பார்த்தார்கள்.

கூட்டினால் பிடித்தம் பத்தொன்பதாயிரம் வந்தது. அவர்கள் தரவேண்டியது போக, நாங்கள்தான் நானூறு தரவேண்டும்.

"விசிலும் இதுல சேர்த்திதான்," என்றார் குமாஸ்தா. "இருந்தா குடுங்க, அந்த நானூறு கழிஞ்சிரும்."

ஆஸ்பத்திரியில் அவன் பல்லிடுக்கிலிருந்து எடுத்த விசில். தங்கை அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். முடிச்சு அவிழவில்லை. குமாஸ்தா கத்தரிக்கோலை நீட்டினார்.

"கயிறு உங்களுதா? அதை நீங்களே வச்சுக்குங்க."

விசிலைக் கைக்குட்டையால் துடைத்து ஓங்கி ஊதிப் பார்த்தார். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த காவல்படைக்காரன் ஒருவன் சட்டென்று நின்றான்.

"வேலை செய்யுது," என்று எழுதிக்கொண்டார். பிறகு தங்கையின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, 'பாக்கி இல்லை' என்ற முத்திரைக்குப் பக்கத்தில் வைத்தார்.