தல்ஹா தந்த அடுப்பு

மீன் சுடுவதைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுப் புறவாசலில் நின்று அப்படித்தான் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த பார்பிக்யூ அடுப்பு தல்ஹா தந்தது. காயல்பட்டினத்துக்காரன், என்னோடு கல்லூரியில் படித்தவன், இப்போது துபாயில் வேலை. போன லீவுக்கு வந்தபோது எனக்கென்று அங்கிருந்து சுமந்துகொண்டு வந்து இறக்கினான். இந்த முறை மனைவி ஸஹ்லாவையும் கூட்டி வந்திருந்தான்.

"கறின்னா ஹலால் கடையத் தேடி நீ அலையணும். மீனுன்னா ஒரு தொந்தரவும் இல்லலே" என்று தல்ஹா சொல்லி, மீனையும் அவர்களே கொண்டுவந்தார்கள். விளமீனும் கணவாயும். ஸஹ்லாவின் வாப்பா விடிகாலையிலேயே கரைக்குப் போய்த் தன் கையால் பொறுக்கி எடுத்தவை. மசாலா ஸஹ்லா தடவியது.

கரி கனன்றதும் விளமீனைக் கம்பிமேல் அடுக்கினேன். எண்ணெய் சொட்டி, மணம் தெரு முழுக்கப் போனது. தட்டுகளோடு வந்த என் மனைவி ஈவாஞ்சலின் அடுப்பைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோடு கேட்டாள்.

"என்னங்க, கிறிஸ்மஸுக்கு இதே கம்பியிலதான பன்னிக்கறி சுட்டிய?"

அடப்பாவி, எப்படி மறந்தேன்! மீன்தானே, அவர்களுக்கு ஒன்றும் பிரச்சினையில்லை என்றே இருந்துவிட்டேன். கம்பியின் நினைப்பே வரவில்லை. அவன் ஆசையாகத் தந்த அடுப்பு. இதை எந்த வாயால் அவனிடம் சொல்வது?

தல்ஹா தட்டை நீட்டினான். "கொண்டாலே, பசி உயிர் போகுது."

"வேண்டாம்லே, தின்னாத. மீன் கெட்டுப்போச்சு. நாத்தம் அடிக்கி."

இந்த மடையனுக்கு வேறு பொய்யே கிடைக்கவில்லை. ஸஹ்லாவின் முகம் சுருங்கிப்போனது.

"வாப்பா பார்த்துத்தான் அண்ணே வாங்கினாங்க" என்றாள். சுடாமல் மிச்சமிருந்த மீனை எடுத்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். "எனக்கு மூக்கடைப்பு போல, ஒண்ணும் தெரியல. மன்னிச்சுக்குங்க அண்ணே."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அதற்குமேல் தாங்கவில்லை. பன்னிக்கறி, கம்பி, மறதி, பொய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். யார் முகத்தையும் பார்க்கத் துணிவில்லாமல் கரியைப் பார்த்தே சொன்னேன்.

தல்ஹா தட்டைக் கீழே வைத்தான்.

"அடுப்பு உனக்குத் தந்தது. அதுல நீ என்னத்தையும் சுடு, நான் ஏன்னு கேப்பனா? விஷயத்தச் சொல்லியிருந்தா எங்க வீட்டுக்குப் போய்ப் பொரிச்சுத் தின்னிருப்போம். எங்க மாமா கொடுத்துவிட்ட மீன நாறுதுன்னுட்டியே டேவிட்சன்."

ஏலே என்றே கூப்பிடுகிறவன் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அது சுருக்கென்று தைத்தது.

அந்நேரம் பார்த்து ஸஹ்லாவின் போன் அடித்தது. பேசியவள் என் பக்கம் நீட்டினாள்.

"வாப்பா. மீன் எப்படி இருந்துச்சுன்னு உங்ககிட்ட கேக்கணுமாம்."

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். போனை வாங்கினேன்.

"நல்ல மீன் வாப்பா" என்றேன். "அருமையான மீன்."

அவர் சந்தோஷமாகச் சிரித்தார். "வயிறார சாப்பிட்டீங்களா எல்லாரும்?" என்று கேட்டார்.

கம்பியில் மீன் கருகிக்கொண்டிருந்தது.