மாதாவுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

1

அன்று லண்டன் மோர்டன் வீட்டில் இருந்தவர்கள்: யாக்கோப்பு, அவர் மனைவி லூர்தம்மா, மருமகள் பிறின்சி, செபக்குழுவை நடத்தும் றோஸ்மலர், மாதா சுரூபம். கதை எழுதும் நான் அங்கே இருக்கவில்லை.

கோவிலின் நத்தார் (கிறிஸ்மஸ்) மலருக்கு ஒரு கதை கேட்டார்கள். எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு வதந்தி ஏற்கெனவே உலாவுவதால், புதிதாகக் கற்பனை செய்யும் சிரமத்தை நான் எடுக்கவில்லை. யாக்கோப்பு எனக்குச் சொந்தம். எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பது உங்களுக்குத் தேவையில்லாதது.

2

முதல் தொடக்கம்: லண்டன் வானம் ஈரச் சாக்குப் போல...

வேண்டாம். வானத்தின்மேல் பழி போடுகிறவர் அல்ல யாக்கோப்பு.

இரண்டாம் தொடக்கம்: குளிர்காலத்துக்காக ஊரே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் திருப்பிய கிழமையிலிருந்து யாக்கோப்பு முகம் வழிக்கவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு இருட்டியதும் போர்வைக்குள் போனார். லூர்தம்மா வைத்த சொதி தொடப்படாமல் ஆறியது.

இது இருக்கட்டும். (எங்கள் குடும்பத்தில் காய்ச்சலைத் தவிர வேறெதற்கும் யாரும் பகலில் படுத்ததில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

முப்பது வருடம் ரயிலில் ரிக்கெற் பரிசோதித்தவர் அவர். எவருடைய சாட்டுக்கும் இளகியதில்லை. மனம் சரியில்லை என்று யாரோ சொன்னதற்கு, "வேலையில்லாதவைக்கு வாற வருத்தம்" என்று கோவில் வாசலில் வைத்தே தீர்ப்புச் சொன்னவர். குளிர்காலத்து இருட்டால் அவருக்கும் அதே வருத்தம்தான் என்று டொக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு மனைவியிடம் சொன்னார்:

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

3

டொக்டர் சொன்னபடி, பகல் போல எரியும் பெரிய விளக்கொன்றைப் பிறின்சி வாங்கிவந்தாள். தினமும் காலையில் அதற்கு முன்னால் அரை மணித்தியாலம் இருக்கவேண்டும். யாக்கோப்பு இருந்தார். பத்தாம் நாள் முகம் வழித்தார்.*

நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தில் வீடு வீடாகப் போகும் மாதா சிலையான சுரூபம் அப்போதுதான் அவர்கள் முறைக்கு வந்தது. ஒரு கிழமை தங்கும். தினமும் காலையில் றோஸ்மலர் வந்து நடத்தும் செபமாலை. றோஸ்மலர் சுரூபத்தோடு வந்து மணியடித்தபோது முன்னறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒளிக்க நேரமில்லை. யாக்கோப்பு சுரூபத்தை மரியாதையாக வாங்கி விளக்குக்கு முன்னால் வைத்தார். மாதாவைச் சுற்றி அறையே வெளுத்தது.

இவ்வளவு வடிவாக யாரும் ஒழுங்குசெய்ததில்லை என்றார் றோஸ்மலர்.

"மாதாவுக்குக் குறை வைக்கேலுமே?" என்றார் யாக்கோப்பு.

செபமாலை சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் எடுக்கும். மிச்சம் உங்களுக்கே விளங்கும்.

* அவர் குளியலறையில் பாடினார் என்று பிறின்சி சொல்வது மிகை. முனகினார்.

4

ஏழாம் நாள், நான் முதலில் பெயர் சொன்னவர்கள் மட்டும் இருந்தபோது, றோஸ்மலர் செபமாலையை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். முகத்தில் கூச்சமே இல்லை.

"அண்ணை, ஒரு மாசமாய் நான் யன்னல் சீலை திறக்கேல்லை. சமைக்கேல்லை. என்னத்துக்கு எழும்பிறது எண்டு கிடந்தனான். மாதா உங்கட வீட்டில வைச்சு என்னைத் தூக்கிவிட்டிட்டா. மலரில சாட்சியம் எழுதப் போறன்."

(இங்கே யாக்கோப்பு எழுந்து, "தங்கச்சி, அது வந்து...")

இல்லை. எழவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

றோஸ்மலர் போனபின் பிறின்சி கோப்பைகளை எடுத்தபடி கேட்டாள்: "மாமா, நாளைக்குச் சுரூபம் அடுத்த முறைக்காரர் லதீசன் வீட்டுக்குப் போயிடும். றோஸ்மலர் அன்ரி இனி எதுக்கு முன்னால இருக்கிறது?"

 

5

முடிவு அ: சுரூபத்தோடு விளக்கையும் அனுப்பிவிடுகிறார். குடும்ப மானம் தப்புகிறது. அவர் மறுபடி போர்வைக்குள். (லூர்தம்மா இதை வெட்டச் சொன்னார்.)

முடிவு ஆ: பேசாமல் இருக்கிறார். புண்ணிய வீடு என்ற பெயர் வருகிறது. றோஸ்மலரின் யன்னல் சீலை மறுபடியும்...

இதை முடிக்க என்னால் ஏலவில்லை.

நடந்தது இவ்வளவுதான்: விளக்கைப் பற்றிச் சொல்வதற்காக யாக்கோப்பு மூன்று தரம் றோஸ்மலருக்குத் தொலைபேசி எடுத்தார், மூன்று தரமும் செபமாலை நேரத்தைக் கேட்டுவிட்டு வைத்தார். பிறகு இந்தக் கதையை எழுத ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டேன்.

றோஸ்மலரின் சாட்சியம் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அதில் ஒரு சொல்லும் திருத்தவேண்டாம் என்று மலர்க்குழுவிடம் கேட்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவர் சிரிப்பாரா, கோபிப்பாரா, வருவாரா என்பது என் கையில் இல்லை. முன்னறையில் விளக்குக்கு முன்னால் இரண்டாவது கதிரை போட்டாகிவிட்டது; காலை எட்டு மணி.

இனி, அந்த வதந்தி. மோர்டன் வீட்டில் மாதா வெளிச்சம் காட்டினார் என்கிறார்கள். பிழை. அது மனச்சோர்வுக்கு டொக்டர் சொல்லி வாங்கிய விளக்கு. கதை எழுதியவர் அங்கே இருக்கவில்லை என்பதும் பிழை.

விளக்கு என்னுடையது.